ஜூன் விடுமுறையில் ட்ரவுட்: தொங்காரிரோ ஆற்றில் குளிர்கால ஃபிளை ஃபிஷிங்

சிங்கப்பூரில் ஃபிளை கோலை, அதாவது இறகும் முடியும் வைத்துப் பூச்சி மாதிரிக் கட்டிய ‘ஃபிளை’ என்ற போலி இரையை வீசும் தூண்டில் கோலைத் தூக்கிக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குப் போகும் நம் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவர்களில் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு நியூசிலாந்து போகிறோம், அங்கே அப்போது குளிர்காலமாச்சே, ட்ரவுட் மீன் கிடைக்குமா? கிடைக்கும். நல்லாவே கிடைக்கும். நமக்கு விடுமுறை விழும் அந்த நான்கு வாரமும் வடக்குத் தீவில் ரெயின்போ ட்ரவுட் தௌப்போ ஏரியிலிருந்து தொங்காரிரோ ஆற்றுக்குள் ஏறும் நேரம். ஆனால் கோடைக்காலத்து ஃபிளை ஃபிஷிங்கைப் படித்துவிட்டு அதே மாதிரி போய் நின்றால் கை வெறுங்கையாகத்தான் திரும்பும். முதல் முறை எனக்கு அதுதான் நடந்தது, மூன்று நாள், ஒரு மீன்கூட இல்லை. அதற்கப்புறம் மூன்று குளிர்காலம் போய்க் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மீன் உங்கள் ஃபிளையைத் தேடி வராது. ஃபிளைதான் மீனின் மூக்குக்கு முன்னால் போக வேண்டும், ஆற்றின் அடியை ஒட்டி, அடியில் தண்ணீர் ஓடும் அதே மெதுவான வேகத்தில். உடை, கோல், நேரம், இடம் என்று நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

காரணம் எளிது. ட்ரவுட்டுக்குத் தண்ணீரின் குளிர்தான் உடம்பின் குளிர். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது அது துடிப்பாக மேயும், பூச்சியைத் தேடி மேல்பரப்புக்குக்கூட வரும். 5, 6 டிகிரிக்கு இறங்கிவிட்டால் உடம்பு மந்தமாகிவிடும், செரிமானமும் மெதுவாகிவிடும், ஒரு சின்னப் பூச்சிக்காக வேகமான நீரோட்டத்தில் நீந்தினால் செலவழிக்கும் சக்தி அந்தப் பூச்சியில் கிடைக்காது. அதனால் ஆழமான, வேகம் குறைந்த இடத்தில் அடியோடு அடியாகப் படுத்துக்கொண்டு வாய்க்கு நேராக வருவதை மட்டும் தின்னும். இது எந்த நாட்டு மலை ஆற்றுக்கும் பொருந்தும்.

தொங்காரிரோவில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. தௌப்போ ஏரியில் வளர்ந்த ரெயின்போ ட்ரவுட், மே மாதவாக்கில் தொடங்கி வசந்தம்வரை, முட்டையிட ஆற்றில் ஏறும். பிரவுன் ட்ரவுட் அதற்கும் முன்னாலேயே ஏறிவிடும். இந்த மீன்கள் எதுவும் அந்த மண்ணுக்குச் சொந்தமில்லை, 1883 வாக்கில் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த ரெயின்போ முட்டைகளின் வழிவந்தவைதான் இன்றைக்கு அங்கே இருக்கும் ரெயின்போக்கள். ஏறிவரும் மீன் பசிக்காகத் தின்பது குறைவு. ஆனாலும் அடியில் உருண்டுவரும் நிம்ஃபையும் (தண்ணீருக்கடியில் வாழும் இளம்பூச்சி), மற்ற மீன்கள் இட்டு அடித்துக்கொண்டு வரும் முட்டையையும் பழக்கத்தில் வாயால் கவ்வும். நமக்கு அது போதும். ஒன்றரை, இரண்டு கிலோ மீன் அங்கே சாதாரணம்.

எப்போது, எங்கே

தொங்காரிரோ ஆற்றங்கரையில் இருக்கும் துராங்கி என்ற சிற்றூர், தௌப்போ ஏரியின் தென்கோடியில் இருக்கிறது. சாங்கியிலிருந்து ஆக்லாந்துக்கு ஏறத்தாழ 10 மணி நேரம், அங்கிருந்து வாடகைக் காரில் 4 மணி நேரத்துக்கு மேல். நம்மைப் போலவே இடதுபக்க ஓட்டம்தான், அதனால் பயமில்லை. ஆனால் இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்துவிட்டு இறங்கின கையோடு காரை எடுக்காதீர்கள், ஒரு நாள் ஆக்லாந்தில் தங்கிவிட்டுப் போங்கள். ஜூன் முதல் திங்கள் அங்கே அரசரின் பிறந்தநாள் விடுமுறை, அந்த வாரயிறுதியில் ஆற்றங்கரை நிரம்பி வழியும். முடிந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

அந்த மாதத்தில் காலை ஏழரை மணிக்குத்தான் வெளிச்சம் வரும், சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். நம் கடிகாரத்தைவிட 4 மணி நேரம் முன்னால் என்பதால் அவர்களுடைய காலை ஏழரை நம் உடம்புக்கு அதிகாலை மூன்றரை, முதல் இரண்டு நாள் இது தெரியும். எந்த நேரம் நல்ல நேரம் என்று கேட்டால், அது எந்த மீனைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆற்றிலேயே குடியிருக்கும் மீனுக்கு, பொதுவாக மற்ற மலை ஆறுகளில் எல்லாம், காலை 11 முதல் மாலை 3 வரைதான் பொன்னான நேரம். வெயிலில் தண்ணீர் ஒரு டிகிரி ஏறினாலே மீன் வாய் திறக்கும், விடியற்காலையில் எழுந்து உறைந்துபோய் நிற்பதில் ஒரு பயனும் இல்லை. தொங்காரிரோவில் ஏறிவரும் மீனுக்கோ விடியல்தான் நல்லது. அவை இருட்டில் நகரும், இரவில் வந்து மடுவில் இளைப்பாறும் புது மீன்கள் இன்னும் யார் தூண்டிலையும் பார்த்திருக்காது.

அதைவிட முக்கியம் மழை. ஆறு தெளிந்து, வற்றி, நாலு நாள் வெயிலடித்தால் மீன் ஏரியிலேயே நின்றுவிடும். நல்ல மழை பெய்து ஆறு கலங்கி ஏறும்போதுதான் கூட்டமாக உள்ளே வரும். கலங்கல் முழுதாக இருக்கும்போது மீன் பிடிக்க முடியாது, இறங்கவும் கூடாது, ஆபத்து. நிறம் காப்பியிலிருந்து பச்சைக்குத் திரும்பி, முழங்கால் ஆழத்தில் உங்கள் காலணி மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் வருடத்திலேயே சிறந்த நாள். அதனால் பயணத்தில் துராங்கிக்குக் குறைந்தது நான்கு நாளாவது ஒதுக்குங்கள். இரண்டு நாள் போதும் என்று நினைத்துப் போனால் அந்த இரண்டு நாளும் மழையாகவே போய்விடலாம்.

இடத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். மேஜர் ஜோன்ஸ், ரெட் ஹட், ஹைட்ரோ, பிரிட்ஜ் என்று ஒவ்வொரு மடுவுக்கும் பெயர் உண்டு, கரையோரம் நடைபாதை உண்டு, தொங்குபாலம் உண்டு. மேலே போகப் போக சில பகுதிகளை முட்டையிடும் காலத்தில் மூடிவிடுவார்கள், எல்லை எது என்று உரிமத்தோடு வரும் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமமும் எல்லைச் சோதனையும்

தௌப்போ வட்டாரத்துக்குத் தனி உரிமம். நியூசிலாந்தின் மற்ற இடங்களுக்கெல்லாம் ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பு தரும் உரிமம், தௌப்போவுக்கு மட்டும் அந்த நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை தருவது. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதில் பிடித்தால் குற்றம். இணையத்திலேயே வாங்கலாம், நாள் கணக்கிலும் கிடைக்கும்.

விமான நிலையத்தில் பயன்படுத்திய தூண்டில் சாமான் எதுவாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். கோல், ரீல், வேடர் (தண்ணீரில் நிற்க நெஞ்சுவரை போடும் நீர் புகாத கால்சட்டை), காலணி, வலை, எல்லாம். ஃபிளை கட்டுகிறவர்களாக இருந்தால் இறகும் முயல் முடியும்கூட விலங்குப் பொருள்தான், அதையும் எழுதிவிடுங்கள், பெட்டியில் இருக்கும் அம்மா கொடுத்த முறுக்கையும் எழுதிவிடுங்கள். சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். சொன்னால் பார்த்துவிட்டு, சுத்தமாகக் காய்ந்திருந்தால் திருப்பித் தந்துவிடுவார்கள். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் டிடிமோ என்ற பாசி. 2004இல் தெற்குத் தீவில் ஓர் ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டு அங்கே பல ஆறுகளுக்குப் பரவிவிட்டது, கல்லையெல்லாம் பழைய கம்பளி மாதிரி மூடிவிடும். ஈரமான காலணியின் அடியில் ஒரு துளி ஒட்டியிருந்தாலே போதும். அதனால்தான் அந்த நாட்டில் ஃபெல்ட் அடி வைத்த காலணிக்குத் தடை. ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ போக வாங்கின ஃபெல்ட் காலணியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உண்மையில் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது, வேடரும் காலணியும் துராங்கியிலேயே வாடகைக்கு எடுங்கள். பெட்டியின் எடையும் மிச்சம், சோதனையும் மிச்சம்.

குளிருக்கு உடுத்துவது

நாம் குளிரே தெரியாமல் வளர்ந்தவர்கள், ஆகவே இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜீன்ஸ், பருத்தி பனியன், பருத்திக் காலுறை எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அதன்மேல் தடித்த ஃபிலீஸ், அதன்மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். கால்களுக்கு வேடருக்குள் ஃபிலீஸ் கால்சட்டை. காலுறையை மட்டும் அளவோடு போடுங்கள். இரண்டு மூன்று சேர்த்துத் திணித்தால் காலணி இறுகி ரத்த ஓட்டம் நின்று, கால் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். விரல்நுனி இல்லாத கம்பளிக் கையுறை, காதை மூடும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. கண்ணாடி வெயிலுக்காக மட்டும் இல்லை, கனமான ஃபிளை ஒன்று காற்றில் திரும்பிக் கண்ணுக்கு வந்தால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்கில் சூடான தே ஹாலியா இருந்தால் பதினோரு மணிக்கு அதன் அருமை தெரியும்.

உடம்பு நடுங்குவதும் விரல் சொன்னபடி கேட்காததும் எச்சரிக்கை. பேச்சு குழற ஆரம்பித்தாலோ, நடுக்கம் தானாக நின்று தூக்கம் வருகிற மாதிரி இருந்தாலோ உடனே கரையேறி, ஈரத்தைக் கழற்றி, காருக்குள் சூட்டைப் போட்டு உட்கார வேண்டும், உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டும். துணைக்கு வந்தவர் 'பரவால்ல, இன்னும் ஒரு பத்து நிமிஷம்' என்பார். கேட்காதீர்கள்.

கோல், நரம்பு, ஃபிளை

லோவர் செலேத்தாரிலும் பிடோக்கிலும் பீக்காக் பாஸ் மீனுக்கு நாம் வீசும் 7 அல்லது 8 வெயிட் கோலே (வெயிட் என்பது கோலின் வலுவைச் சொல்லும் எண்) இங்கே சரியாகப் பொருந்தும், புதிதாக வாங்க வேண்டாம். 9 அடி போதும், 10 அடி இருந்தால் நரம்பை, அதாவது தூண்டில் நூலை, தண்ணீரிலிருந்து தூக்கிவைப்பது சுலபம். வெப்பநாட்டுக்கென்று செய்த லைன் (ஃபிளையை வீச உதவும் தடித்த நூல்) மட்டும் வேண்டாம். அது குளிரில் கம்பி மாதிரி விறைத்துச் சுருள் சுருளாக நிற்கும். குளிர்நீருக்கான மிதக்கும் லைன் ஒன்று வாங்குங்கள்.

அதன் நுனியில் மூன்றரை, நான்கு மீட்டர் நீளத்துக்கு லீடர் என்ற மெல்லிய நரம்பு. அதன் முனையில் நிம்ஃப் மாதிரிக் கட்டிய கனமான ஃபிளை, அங்கே அதை 'பாம்' என்றே சொல்வார்கள், டங்ஸ்டன் மணி கோத்துக் கட்டியது, அடிக்குக் கொண்டுபோவது மட்டும்தான் அதன் வேலை. அதன் முள்ளின் வளைவில் இன்னொரு நரம்பு கட்டி, ஒரு முழம் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக விட்டு, சின்ன ஃபிளை. பெரும்பாலும் மீன் எடுப்பது இதைத்தான். ஃபெசன்ட் டெயில், ஹேர் அண்ட் காப்பர், முட்டை மாதிரி இருக்கும் குளோபக், இந்த மூன்றையும் இரண்டிரண்டு அளவில் வைத்திருந்தால் குளிர்காலம் முழுக்க ஓட்டலாம். நூறு வகை வாங்குவதைவிட இந்த மூன்றிலேயே வகைக்கு ஒரு டஜன் வைத்துக்கொள்வது மேல், ஏனென்றால் சரியாக மீன் பிடிப்பவர் நிறைய ஃபிளையைக் கல்லிடம் இழப்பார். நரம்பு 3 கிலோ தாங்குவது, கலங்கலில் அதைவிடச் சற்றுத் தடிப்பாக.

லைனும் லீடரும் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே தக்கை. கம்பளி நூலைச் சுருக்குப் போட்டு இறுக்கி, மிதக்கும் பசை தடவிச் சிக்கெடுத்துப் பஞ்சு மாதிரி விரித்துவிடுவார்கள், மேலும் கீழும் நகர்த்த முடிகிற மாதிரி. இந்த நகர்த்தும் வசதி இல்லாத தக்கை குளிர்காலத்துக்கு உதவாது.

புறப்படும் முன் சிங்கப்பூரிலேயே செய்ய வேண்டிய பயிற்சி இரண்டு. ஒன்று, பேசினில் ஐஸ்கட்டி போட்டுத் தண்ணீர் நிரப்பி, இரண்டு நிமிடம் கையை அதில் வைத்திருந்துவிட்டு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். நரம்பு விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கிளின்ச் முடிச்சில் ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் கண்ணிக்குள் விட்டு, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குவது, இதைக் கண் பார்க்க, விரல் உணராமலேயே செய்யப் பழகும்வரை தினம் பத்து போடுங்கள். என் மச்சான் இதைச் செய்துவிட்டு வந்தான், நான் செய்யவில்லை. முதல் நாள் காலையில் அவன் வீசிக்கொண்டிருக்கும்போது நான் இருபது நிமிடம் ஒரே முடிச்சோடு நின்றேன். இன்னொன்று, கனமான ஃபிளையை வீசுவது. பேட்டைத் திடலில் முள் இல்லாமல், ஒரு சின்ன நட்டை முனையில் கட்டி, பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வீசிப் பழகுங்கள். நிதானமாக, பின்வீச்சு முழுதாக நீளும்வரை காத்திருந்து, லைன் காற்றில் போடும் வளையத்தை அகலமாக விட்டு வீச வேண்டும். அவசரப்பட்டால் அது பின்மண்டைக்குத்தான் வரும்.

ஆழம்

இனி முக்கியமான இடம். மடுவின் தலைப்பில் தண்ணீர் சலசலவென்று கொட்டி உள்ளே வரும், நடுவில் ஆழ்ந்து வேகம் தணியும், வால்பக்கம் மறுபடி மேடாகி வழுக்கிக்கொண்டு போகும். வேகமான ஓட்டமும் மெதுவான தண்ணீரும் உரசும் கோடு ஒன்று இருக்கும். அதில்தான் நுரை வரிசையாகப் போகும், அதன் அடியில்தான் மீன் படுத்திருக்கும். அந்தக் கோட்டின் மெதுவான பக்கத்தைக் குறி வையுங்கள்.

மேல்நோக்கிச் சாய்வாக எட்டு, பத்து மீட்டர் வீசுங்கள், அதற்குமேல் வேண்டாம். ஃபிளை விழுந்த உடனே, தாமதிக்காமல், கோல்நுனியால் லைனின் வயிற்றைத் தூக்கி மேல்பக்கமாகப் புரட்டிப் போடுங்கள். மெண்டிங் என்பார்கள். இதைச் செய்யாவிட்டால் நடுவில் இருக்கும் வேகமான தண்ணீர் லைனை இழுக்கும், லைன் தக்கையை இழுக்கும், தக்கை ஃபிளையை மேலே தூக்கிவிடும். பாம் எவ்வளவு கனமாக இருந்தாலும் பயனில்லை.

இரண்டாம் வருடம் ஈசூனில் இருக்கும் ஓர் அண்ணன் எங்களோடு வந்தார், என்னைவிட இருபது வயது மூத்தவர். மூன்றாம் நாள் நான் வெறுத்துப்போய் ஃபிளையை மாற்றிக்கொண்டே இருப்பதைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"தம்பி, தக்கையவே பாத்துட்டு இருக்க. பக்கத்துல போற நுரையப் பாரு. எது முன்னாடி போகுது?"

பார்த்தேன். தக்கையும் நுரையும் கைகோத்த மாதிரி ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"அப்படின்னா உன் ஃபிளை அடிக்குப் போகல. அடித்தண்ணி மெதுவா போகும்டா. ஃபிளை அடியில இருந்தா, தக்கைய அது பிடிச்சு இழுக்கும், நுரை முந்திக்கிட்டுப் போகும்."

தக்கையை இரண்டு சாண் மேலே ஏற்றினேன். மறுபடி வீசினேன், புரட்டிப் போட்டேன். தக்கை கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்து, தயங்கித் தயங்கி வந்தது. வெள்ளையாக ஒரு நுரைக்கட்டி அதை ஒட்டி வந்து, மெல்லத் தாண்டி, ஒரு முழம் முன்னால் போனது. அடுத்த நுரையும் தாண்டியது. அப்புறம் தக்கை நின்றது. மூழ்கவில்லை, இழுபடவில்லை, யாரோ விரல் வைத்த மாதிரி ஒரு நொடி சும்மா நின்றது. கல் என்றுதான் நினைத்தேன், ஆனாலும் கோலைத் தூக்கினேன். கல் தலையை ஆட்டியது.

அன்றிலிருந்து எனக்கு அளவுகோல் நுரைதான். தண்ணீரின் ஆழத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளத்தில் தக்கையை வையுங்கள். நுரை தக்கையை முந்தவில்லை என்றால் இன்னும் ஒரு சாண் ஏற்றுங்கள். அதிலும் மாறாவிட்டால் கனமான பாமுக்கு மாறுங்கள். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறையாவது ஃபிளை அடியில் தட்டித் தக்கை துள்ள வேண்டும். ஒரு மணி நேரமாக எதிலும் சிக்கவே இல்லையென்றால் மீன் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போகவே இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு வீச்சுக்கும் சிக்கினால் ஒரு சாண் இறக்குங்கள். மடுவின் தலைப்பில் ஒரு ஆழம், நடுவில் ஒரு ஆழம். இடம் மாறும்போதெல்லாம் தக்கையையும் மாற்ற வேண்டும், சோம்பல் படக்கூடாது. ஃபிளையின் பெயரை மாற்றுவதற்கு முன்னால் ஆழத்தை மூன்று முறை மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று, கோடையில் ஒரு இடத்தில் இரண்டு வீச்சு வீசிவிட்டு நகர்ந்துவிடுவோம், மீன் இருந்தால் ஒரு மீட்டர் நகர்ந்து வந்தாவது எடுக்கும். குளிரில் அது அரை மீட்டர்கூட நகராது. ஆகவே மடுவைப் பாய் ஓலை மாதிரி நீளநீளமான கீற்றுகளாக மனதில் பிரித்துக்கொண்டு, பக்கத்துக் கீற்று, அதற்கடுத்த கீற்று என்று ஒவ்வொன்றிலும் பத்து வீச்சாவது ஓடவிட்டு, அப்புறம் ஒரு எட்டு எடுத்துவையுங்கள். தக்கை எந்தக் காரணத்துக்காக நின்றாலும் கோலைத் தூக்குங்கள். பத்தில் ஒன்பது கல்லாக இருக்கும், பரவாயில்லை. ஓட்டத்தின் முடிவில் உடனே லைனை உருவிவிடாமல், லைன் இறுகி ஃபிளை தானாக மேலெழும்பும்வரை விடுங்கள். பூச்சி மேலேறுவது போலிருக்கும் அந்த நேரத்தில் சில மீன் அடிக்கும்.

தக்கை பிடிக்காதவர்கள் அமிழும் லைனில் வூலி பக்கர் மாதிரி பெரிய ஃபிளை கட்டி, குறுக்கே வீசி, ஆற்றோடு வளைந்து வரவிடலாம். அதிலும் சூத்திரம் அதேதான், ஆழமாக, மெதுவாக. மடுவுக்குள் நுழையும்போது ஒரு மரியாதை உண்டு: தக்கையோடு பிடிப்பவர்கள் கீழிருந்து மேலே நகர்வார்கள், அமிழும் லைன்காரர்கள் மேலிருந்து கீழே. ஏற்கெனவே நிற்பவருக்கு முன்னால் போய் நிற்காமல், பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள். தெரியவில்லையென்றால் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

உறைபனிக் காலையில் கோலின் வளையங்களில் பனி கட்டிவிடும், லைன் ஓடாது. நகத்தால் சுரண்டி உடைக்காதீர்கள், வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் கழன்றுவரும். கோலை அப்படியே ஆற்றில் முக்குங்கள், தண்ணீர் பனியைவிடச் சூடானது, கரைந்துவிடும். உதட்டுக்குத் தடவும் களிம்பை வளையத்தில் பூசினாலும் கொஞ்ச நேரம் தாங்கும்.

தண்ணீரில் நிற்பது

இடுப்பு வாரை இறுக்கிக் கட்டாமல் ஒரு அடிகூட எடுத்துவைக்காதீர்கள், விழுந்தால் வேடருக்குள் தண்ணீர் புகாமல் காப்பது அதுதான். ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு கால் ஊன்றின பிறகே அடுத்த காலை நகர்த்துங்கள், கால்களைக் குறுக்கே போடக்கூடாது. தொடைக்கு மேல் போக வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை, மீன் பல நேரம் நீங்கள் நிற்க நினைக்கும் இடத்திலேயே இருக்கும், ஆகவே இறங்குவதற்கு முன் கரையிலிருந்தே முதல் பத்து வீச்சு. விழுந்துவிட்டால் ஆற்றோடு சண்டை போடாமல் மல்லாந்து, காலை முன்னால் நீட்டி, ஓட்டத்தோடு போய் மெதுவான தண்ணீரில் கரையேறுங்கள். மேலே அணைகளும் உண்டு, மலையில் மழையும் உண்டு, கரைக்கல் ஒன்றைக் குறி வைத்து அது நனைகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

ஆழமில்லாத இடத்தில், சுற்றிலும் கறுத்த கல்லாக இருக்க, நடுவில் ஒரு பாய் அளவுக்குக் கூழாங்கல் கழுவிவிட்ட மாதிரி வெளுத்துத் தெரிந்தால், அது தாய்மீன் வாலால் தோண்டி முட்டையிட்ட குழி. கால் வைக்காதீர்கள், சுற்றிப் போங்கள். அங்கே நிற்கும் இணையை நோக்கி வீசவும் வேண்டாம். ஒரு அடி வைத்தால் எத்தனை முட்டை நசுங்கும் என்று நினைத்தாலே எனக்கு மனம் கேட்காது.

மாட்டிய பிறகு

புது மீன் வெள்ளி மாதிரி மின்னும், ஏரிப்பக்கமாகத் திரும்பி ஓடும். ஓடவிடுங்கள். கோலைச் செங்குத்தாகத் தூக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து இழுத்தால் சீக்கிரம் களைக்கும். நீங்களும் கரைப்பக்கம் வந்து, மெதுவான மேட்டுத்தண்ணீருக்கு அதைத் திருப்பி, வலையில் ஏந்துங்கள். முள்ளின் கொக்கியை முன்பே நசுக்கியிருந்தால் கழற்ற ஒரு நொடி. விடப்போகும் மீனைத் தண்ணீரைவிட்டு எடுக்கவே வேண்டாம், உறையும் காற்றில் செவுள் பாழாகிவிடும். படம் எடுக்க வேண்டுமா, தண்ணீரில் வைத்தபடியே எடுங்கள். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, வால் தானாகக் கையை உதறும்வரை தாங்கிப் பிடித்திருங்கள். ஒடுங்கி, கறுத்து, வயிறு ஒட்டிப்போன மீன் முட்டையிட்டு முடித்து ஏரிக்குத் திரும்புவது. அதன் சதை ருசிக்காது, அது மறுபடி தேறி அடுத்த வருடமும் வரலாம். விட்டுவிடுங்கள்.

ஒன்றிரண்டு நல்ல மீனை வைத்துக்கொள்ளலாம், அளவும் எண்ணிக்கையும் உரிம விதியில் இருக்கும், விதி மாறுவதுண்டு, ஒவ்வொரு முறையும் பாருங்கள். நியூசிலாந்தில் ட்ரவுட்டை விற்கவோ வாங்கவோ சட்டம் அனுமதிக்காது, எந்த உணவகத்திலும் கிடைக்காது, தானே பிடித்தால்தான் சாப்பாடு. நாங்கள் மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி, தங்கிய வீட்டின் இரும்புச் சட்டியில் பொரித்தோம். பிள்ளைகள் கூட இருந்தால் ஊருக்கு வெளியே இருக்கும் தேசிய ட்ரவுட் நிலையத்துக்கு அழைத்துப்போங்கள், தண்ணீருக்கு அடியில் கண்ணாடி வழியாக ஓடையைப் பார்க்கலாம். ட்ரவுட் எப்படி அடியில் அசையாமல் நின்று வாயை மட்டும் திறந்து மூடுகிறது என்பதைப் பெரியவர்களும் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நம் ஈரக்காற்றில் ஒரு நாள் போதாது, மூன்று நாள் மின்விசிறிக்குக் கீழே காயவையுங்கள், வேடரை உள்புறம் வெளியே திருப்பி. என்னுடைய முதல் வேடரைக் காய்ந்துவிட்டது என்று நம்பி வீட்டுப் பாதுகாப்பறையில் மடித்து வைத்தேன், டிசம்பரில் எடுத்தபோது பாதம் முழுக்கப் பூஞ்சை. இப்போது மடிப்பதில்லை. தொங்கவிட்டு, பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று வைத்து, மாதம் ஒருமுறை அந்தப் பெட்டியில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டுகிறேன்.